குளுவாங்கா, பாசிர் கூடாங்கா? – காஹாங்கிலிருந்து ஓர் ஒப்பீடு

காஹாங்கில் வளர்ந்த பிள்ளைகளிடம் பள்ளிப் படிப்பு முடியும் ஆண்டில் உறவினர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "குளுவாங்கா, பாசிர் கூடாங்கா?" என்ன படிக்கப் போகிறாய், என்ன வேலை பிடிக்கும் என்று யாரும் கேட்பதில்லை. ஊரைச் சொன்னால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். குளுவாங் என்றால் கடை, ஆஸ்பத்திரி, அரசாங்க அலுவலகம், சின்னச் சின்னக் குத்தகை வேலை. ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பாசிர் கூடாங் என்றால் தொழிற்சாலை, ஷிப்டு, ஓவர்டைம், கொஞ்ச நாள் கழித்து சிங்கப்பூர். தீபாவளிக்கும் சாவுக்கும்தான் வீடு.

ஊர்களை இப்படி ஒப்பிடுவது உலகம் முழுக்க நடக்கிற காரியம். அமெரிக்காவில் வேகமாக வளரும் நடுத்தர நகரங்களை எடுத்துக்கொண்டு, வீட்டு விலை, சம்பளம், சாலை நெரிசல், பள்ளிக்கூடம், வெயில் என்று அட்டவணை போட்டு, எங்கே குடியேறலாம் என்று பேசுகிறார்கள். நம் வீடுகளிலும் அதே அட்டவணை வாய்மொழியாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு வரி எப்போதும் விடுபட்டுப் போகிறது. அந்த ஊர் யாருக்காக, எதற்காக உண்டாக்கப்பட்டது? அங்கே நம்மவர்கள் என்னவாகப் போய்ச் சேர்ந்தார்கள்? அந்த வரியை நிரப்பாமல் எந்த ஊர் வாழ நல்ல ஊர் என்று சொல்ல முடியாது என்பது என் எண்ணம்.

முதலில் காஹாங் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். ஜொகூரின் மேற்குக் கரையில் பத்து பகாட்டிலிருந்து புறப்படும் 50ஆம் எண் கூட்டரசுச் சாலை, ஆயர் ஈத்தாம், குளுவாங், காஹாங் வழியாக மாநிலத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஜெமாலுவாங் போகிறது. அங்கிருந்து மெர்சிங் பக்கம். குளுவாங்கைத் தாண்டிச் சுமார் 40 கிலோமீட்டரில் காஹாங். எண்டாவ் ரொம்பின் காட்டுக்குள் இருக்கும் கம்போங் பெத்தாவுக்குப் போகிறவர்கள் எங்கள் ஊரில்தான் திரும்ப வேண்டும். மற்றபடி சுற்றிலும் செம்பனை. காஹாங்கிலிருந்து ஊர்களைப் பார்ப்பதில் ஒரு வசதி உண்டு. இங்கே விளைவது எதுவும் இங்கே தங்குவதில்லை. எண்ணெயும் போகும், பிள்ளைகளும் போகும். எது எங்கே போய்ச் சேர்கிறது என்று நின்று பார்க்கலாம்.

ரயில் போட்ட ஊர்

குளுவாங் மலாய்ச் சொல். கெலுவாங் என்றால் பழந்தின்னி வௌவால். அந்த வௌவால்கள் கூட்டம் கூட்டமாகத் தொங்கிக்கொண்டிருந்த காட்டில் ரயில் வந்த பிறகுதான் ஊர் வந்தது. கிம்மாசிலிருந்து ஜொகூர் பாருவரை ஏறத்தாழ 190 கிலோமீட்டர் நீளமுள்ள ஜொகூர் மாநில ரயில்பாதை 1909இல் முடிந்தது. 1914இல் ஜொகூர் சுல்தான் பிரிட்டிஷ் பொது ஆலோசகரை ஏற்றுக்கொண்டார். ஆட்சி நடைமுறையில் வெள்ளைக்காரர் கைக்குப் போனது. அடுத்த ஆண்டு, 1915 வாக்கில், மத்திய ஜொகூரின் நிர்வாக மையமாகக் குளுவாங்கை உருவாக்கினார்கள்.

ஏன் அந்த இடம்? ரப்பர்தான் காரணம். மேற்குக் கரையில் மூவாரும் பத்து பகாட்டும் ஆற்றங்கரைத் துறைமுகங்களாக முன்பே வளர்ந்திருந்தன. உள்நாட்டுக் காடு மட்டும் காலியாகக் கிடந்தது. ரயில் வந்ததும் கம்பெனிகள் அங்கே நிலம் பிடித்தன. மரம் வெட்டவும் நடவும் பால் எடுக்கவும் ஆள் வேண்டும். ஆள் தமிழ்நாட்டிலிருந்து வந்தது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கிலோ கிள்ளானிலோ இறங்கி, ரயிலில் ஏற்றி, இறக்கிவிடப்பட்ட இடங்களில் ஒன்று குளுவாங். லம்பாக், மெங்கிபோல், நியோர், இலாயிஸ் என்ற தோட்டப் பெயர்கள் இன்று குளுவாங் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக இருப்பது அதனால்தான்.

இலாயிஸ் என்ற பெயரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அது செம்பனையின் தாவரவியல் பெயர். 1924இல் கத்ரி நிறுவனம் குளுவாங் பகுதியில் அந்தப் பெயரிலேயே ஒரு தோட்டம் போட்டது. ரப்பர் கொடிகட்டிப் பறந்த காலத்திலேயே, அதை ஒழித்துக்கட்டப் போகிற பயிர் பக்கத்தில் முளைத்துக்கொண்டிருந்தது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு குளுவாங் 'பட்டணம்'. சம்பள நாள், சினிமா, நகைக்கடை, ஆஸ்பத்திரி, கோர்ட்டு எல்லாம் அங்கேதான். 1938 முதல் ரயில் நிலையத்தில் நடக்கும் கோப்பிக்கடை இன்று சுற்றுலாப் பயணிகள் வரிசையில் நின்று படம் எடுக்கும் இடம். அந்த 1938இல்தான் இந்திய அரசாங்கம் கூலித் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதைத் தடை செய்தது. அதற்குப் பிறகு வெளியிலிருந்து புது ஆள் வருவது நின்றது. இங்கே பிறந்தவர்களை வைத்துத்தான் தோட்டம் நடக்க வேண்டும் என்று ஆனது. குளுவாங் தமிழர்களின் கதை இந்த இடத்திலிருந்து ஓர் ஊரின் கதையாக மாறுகிறது. கொள்ளுப்பாட்டி எங்கே புதைக்கப்பட்டாள் என்று காட்ட முடிகிற அளவுக்கு ஓரிடத்தில் தங்கினார்கள்.

சப்பான்காரன் காலம் இந்த ஊர்களை எந்தக் கண்ணால் பார்த்தது என்பதையும் சொல்ல வேண்டும். போருக்கு முன் பிரிட்டிஷார் குளுவாங்கிலும் காஹாங்கிலும் விமானத் தளங்கள் போட்டிருந்தார்கள். 1942 ஜனவரி 26ஆம் தேதி எண்டாவ் கடற்கரையில் நடந்த சண்டையில், ஜப்பானியக் கப்பல்கள் ஏற்றி வந்தது இந்த இரண்டு தளங்களையும் இயக்கத் தேவையான ஆட்களையும் சாமான்களையும்தான். சிங்கப்பூரைக் குண்டு போட்டுப் பிடிக்க காஹாங்கும் குளுவாங்கும் அவர்களுக்குத் தேவைப்பட்டன. எங்கள் ஊர் உலக வரலாற்றுப் புத்தகத்தில் வருகிற ஒரே பக்கம் அதுதான்; அதிலும் ஒரு மண் ஓடுபாதையாகத்தான் வருகிறது. அந்த ஓடுபாதையைச் சுற்றி லயங்களில் இருந்த ஜனங்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. அடுத்த ஆண்டு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். பலர் திரும்பவில்லை.

ஒரு வண்டு செய்த வேலை

போருக்குப் பிறகு அவசரகாலம், தோட்டத் துண்டாடல், 1969க்குப் பிந்திய வேலை பெர்மிட் சட்டம் என்று ஒவ்வொன்றும் தோட்டத்து மக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றியது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் வேலை பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். இதையெல்லாம் நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதிகம் பேசப்படாத ஒரு சம்பவம் குளுவாங்கிலேயே நடந்தது.

செம்பனையில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனிக் குலை. மலேசியாவில் அதற்கு மகரந்தம் சேர்க்க ஏற்ற பூச்சி போதிய அளவில் இல்லை. அதனால் தோட்டங்களில் ஆட்கள் மகரந்தப் பொடியைக் குழாயில் எடுத்துக்கொண்டு மரம் மரமாகப் போய்ப் பெண் பூவில் ஊதுவார்கள். பெரும்பாலும் பெண்களின் வேலை அது. என் அம்மா அந்த வேலையைச் செய்தவர். மூக்கு முழுக்கப் பொடி ஏறும், முள் குத்தும், பாம்பு இருக்கும். ஆனாலும் அது மாதம் முழுக்க உள்ள வேலை. குலை அறுக்கும் ஆணின் சம்பளத்தோடு பெண்ணின் சம்பளமும் சேர்ந்தால்தான் குடும்பம் ஓடும்.

யூனிலீவர் நிறுவனத்துக்காக ரஹ்மான் சையத் என்ற பூச்சியியல் வல்லுநர் ஆப்பிரிக்காவில் கேமரூனில் ஆராய்ந்து, அங்கே இந்த வேலையை ஒரு சின்ன வண்டு செய்வதைக் கண்டுபிடித்தார். அந்த வண்டு 1981இல் குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் விடப்பட்டது. சில மாதங்களில் அது நாடெங்கும் பரவியது. விளைச்சல் கூடியது. கையால் மகரந்தம் ஊதும் வேலை அடியோடு நின்றது. மலேசியச் செம்பனை வரலாற்றில் இதை ஒரு பெரிய வெற்றியாக எழுதுகிறார்கள். பயிரைப் பொறுத்தவரை வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் லயத்தில் அது வேறு விதமாக நினைவில் இருக்கிறது. "வண்டு வந்துச்சு, பொம்பளைங்க பெரட்டுக்குப் போறது நின்னுச்சு" என்று அம்மா ஒரே வரியில் சொல்வார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்ததே ஆள் குறைப்புதான். ஒரு தொழிலாளி பார்க்கக்கூடிய பரப்பு செம்பனையில் அதிகம். அதன் மேல் இந்த வண்டு. அதே பத்தாண்டில் இந்தோனேசியத் தொழிலாளர்களும் தோட்டத்துக்கு வரத் தொடங்கினார்கள். 1980க்கும் 2000க்கும் இடையில் மலேசியாவில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் தோட்டத்தைவிட்டு வெளியேறியதாக மதிப்பிடுகிறார்கள். தோட்டத்தில் வேலை போனால் வீடும் போகும். லயம் கம்பெனியுடையது.

காஹாங்கில் இதை இன்னும் கூர்மையாகப் பார்க்கலாம். பக்கத்திலேயே ஃபெல்டா காஹாங் தீமோர், ஃபெல்டா காஹாங் பாராட் குடியேற்றத் திட்டங்கள் இருக்கின்றன. அதே செம்பனை, அதே மழை, அதே ஆலை லோரி. ஃபெல்டா குடியேறிகளுக்குச் சுமார் 10 ஏக்கர் நிலமும் வீடும் என்பது திட்டத்தின் அடிப்படை. 1956இல் தொடங்கிய அந்தத் திட்டம் நிலமில்லாத கிராமத்து ஏழைகளுக்கு நிலம் தந்தது, நல்ல காரியம். குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் மலாய்க்காரர். சாலைக்கு இந்தப் பக்கம் மூன்று தலைமுறையாக மரத்தோடு கிடந்த தோட்டத் தொழிலாளிக்கு ஓய்வு பெறும்போது கொஞ்சம் ஈபிஎஃப் பணம் கிடைத்தது. மண் கிடைக்கவில்லை. என் வயதுக்காரர்கள் ஊரைவிட்டுப் போனதற்கு ஆசை ஒரு காரணம். இருக்க இடம் இல்லை என்பது இன்னொரு காரணம்.

கழகம் கட்டிய ஊர்

அவர்கள் போன ஊர்களில் ஒன்று பாசிர் கூடாங். ஜொகூர் பாருவுக்குக் கிழக்கே, ஜொகூர் நீரிணையில், எதிரே சிங்கப்பூர். மீனவக் கம்பங்களும் பக்கத்தில் மாசாய், பிளந்தோங் தோட்டங்களும்தான் முன்பு இருந்தன. 1968இல் ஜொகூர் மாநிலப் பொருளாதார மேம்பாட்டுக் கழகம் அமைக்கப்பட்டது. புதிய பொருளாதாரக் கொள்கை வந்த எழுபதுகளில் அந்தக் கழகம் பாசிர் கூடாங்கைத் தொழில் நகரமாகக் கட்டத் தொடங்கியது. 1973இல் கப்பல் கட்டும் தளத்துக்கான நிறுவனம், 1977இல் துறைமுகம், பிறகு மின் நிலையம், உரம், எஃகு, ரசாயனம். முக்கியமாகச் செம்பனை எண்ணெய் சுத்திகரிப்பு. காஹாங் ஆலையில் பிழிந்த எண்ணெயை ஏற்றிக்கொண்டு டாங்கி லோரி போகும் திசை அதுதான். உலகின் பெரிய செம்பனை எண்ணெய் முனையங்களில் ஒன்று அங்கே இருக்கிறது.

குளுவாங்குக்கும் பாசிர் கூடாங்குக்கும் பிறப்பிலேயே ஓர் ஒற்றுமை உண்டு. இரண்டும் தானாக வளர்ந்த ஊர்கள் அல்ல. வேறு யாரோ வரைபடம் போட்டு உண்டாக்கியவை. ஒன்றை ரயிலும் கம்பெனியும், மற்றதை மாநிலக் கழகம். பாசிர் கூடாங்கில் இது ஒரு படி மேலே போனது. நிலம், தொழிற்பேட்டை மட்டுமல்ல, ஊராட்சியையே அந்தக் கழகம்தான் நடத்தியது. குப்பை அள்ளுவதும் லைசென்ஸ் கொடுப்பதும் அவர்களே. 2008இல்தான் அங்கே நகராண்மைக் கழகம் வந்தது. 2020இல் மாநகரம் ஆனது. நாற்பது ஆண்டுகளில் கடலோரக் கம்பம் மாநகரம். குளுவாங் 2001இல் நகராண்மைக் கழகத் தகுதி பெற்றதோடு நிற்கிறது.

இன்னொரு ஒற்றுமை. மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தி வைக்கப்பட்டு, 1976 சட்டத்தோடு முடிந்துபோனது. ஆகவே இரண்டு ஊரிலும் நகராண்மை உறுப்பினர்கள் நியமனம். வீட்டு வாசலில் சாக்கடை அடைத்தால் யாருக்கு ஓட்டுப் போடாமல் தண்டிப்பது என்று நமக்குத் தெரியாது.

வீடா, ஊரா?

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்திலேயே இரண்டு மாதிரி இருக்கிறது. அண்ணன் குளுவாங்கில், தங்கை மாசாயில். இருவரும் தோட்டத்து லயத்தில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள்.

முதலில் வீடு. 1982 முதல் 1998 வரை மலேசியாவில் மலிவு வீட்டின் உச்ச விலை 25,000 வெள்ளி என்று அரசாங்கம் வைத்திருந்தது. தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்களுக்குத் தலைமுறைகளில் முதன்முறையாகச் சொந்தப் பெயரில் ஒரு வீட்டுப் பட்டா கிடைத்தது அந்தத் திட்டத்தில்தான். பாசிர் கூடாங், மாசாய்ப் பக்கம் தொழிற்சாலை சம்பளம் மாதாமாதம் வந்ததால் வங்கிக் கடன் கிடைப்பது எளிதாக இருந்தது. தங்கையும் மைத்துனரும் மாடி வீடு ஒன்றைப் பிடித்தார்கள். இரண்டு அறை, மேல் வீட்டுக்காரர் தண்ணீர் ஊற்றினால் நம் சமையலறையில் சொட்டும். ஆனாலும் கிராணி வந்து "காலி பண்ணு" என்று சொல்ல முடியாத வீடு. தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதன் எடை புரிவது கஷ்டம். தங்கை இன்றும் அந்தப் பட்டாவை நகைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறாள்.

குளுவாங்கில் அண்ணனுக்கு வீடு தாமதமாகத்தான் கிடைத்தது. கடைவேலை, லோரி ஓட்டுவது என்று சம்பளம் ஒழுங்காக வராத வேலைகள். பல வருடம் வாடகை வீடு. ஆனால் அவர் குளுவாங்கில் கால் வைத்த முதல் நாளே அங்கே ஆட்கள் இருந்தார்கள். கோயில் கமிட்டியில் மாமா ஒருவர், தொழிற்சங்கத்தில் அப்பாவின் நண்பர், தமிழ்ப்பள்ளியில் எங்களுக்குப் பாடம் எடுத்த ஆசிரியர். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் காடி வைத்திருப்பவர் யார் என்று தெரியும். மூன்று தலைமுறை தோட்டங்களிலிருந்து சேர்ந்த உறவு அது. சம்பளப் பட்டியலில் வராது. ஆனால் வறுமையில் அதுதான் சோறு போடும்.

அப்பா இரண்டு பேர் வீட்டுக்கும் போய்த் தங்கிவிட்டு வந்து சொன்னார்: "அங்க கைக்கு வேலை இருக்கு, இங்க காலுக்கு எடம் இருக்கு." பாசிர் கூடாங் போனவர்கள் பெரும்பாலும் தனித்தனியாகப் போனார்கள். பேராக்கிலிருந்து ஒருவர், கெடாவிலிருந்து ஒருவர், காஹாங்கிலிருந்து ஒருவர். ஷிப்டு வேலையில் பக்கத்து வீட்டுக்காரர் தூங்கும்போது இவர் வேலையில், இவர் தூங்கும்போது அவர் வேலையில். பிறகு சிங்கப்பூர் வேலை கிடைத்தவர்கள் விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் பாலம் நோக்கிப் புறப்பட்டு இரவு ஒன்பதுக்குத் திரும்புவார்கள். சம்பளம் சிங்கப்பூர் வெள்ளி. பிள்ளையைப் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை. தொண்ணூறுகளில் அந்தப் பகுதி இளைஞர்கள் பலர் குண்டர் கும்பல்களில் சிக்கியதை 'தமிழன் புத்தி' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அப்பனும் அம்மாளும் எதிரெதிர் ஷிப்டில் இருக்கும் ஓர் அடுக்குமாடியில், தெரிந்த பெரியவர் ஒருவரும் இல்லாத தெருவில், பதினாலு வயதுப் பையனை யார் கேட்பது? தோட்டத்தில் அவனைக் கேட்க நாற்பது பேர் இருந்தார்கள். அது சில சமயம் மூச்சுமுட்டும், உண்மை. ஆனால் கேட்டார்கள்.

அதற்காகத் தோட்டத்தைச் சொர்க்கமாக்க நான் தயாராக இல்லை. அந்த நாற்பது பேரில் சாதி பார்த்தவர்களும் உண்டு, சாராயக் கடையில் சம்பளத்தைத் தொலைத்தவர்களும் உண்டு. கிராணி முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கி நடந்த ஊர் அது. தங்கையின் மாடி வீட்டில் அவளிடம் யாரும் அப்படி எதிர்பார்ப்பதில்லை. பெண்களுக்குப் பாசிர் கூடாங் கொடுத்ததைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. வண்டு பறித்த சம்பளத்தைத் தொழிற்சாலை திருப்பிக் கொடுத்தது. தன் பெயரில் வங்கிக் கணக்கு, தன் பெயரில் ஈபிஎஃப், கல்யாணம் எப்போது என்று தானே சொல்லும் தைரியம் எல்லாம் அந்தச் சம்பளத்தோடு வந்தவை.

பள்ளிக்கூடம் போன பாதை

ஊர்களை அளக்க எனக்குத் தெரிந்த நல்ல அளவுகோல் தமிழ்ப்பள்ளி. 1957இல் மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 530 அளவில் இருக்கின்றன. மூடப்பட்டவற்றில் பெரும்பாலானவை தோட்டப் பள்ளிகள். ஆள் போனதும் பள்ளி போனது.

ஆனால் ஆள் போன இடத்துக்குப் பள்ளியும் கூடவே போகவில்லை. மாசாய்த் தமிழ்ப்பள்ளி ஜொகூரின் பெரிய தமிழ்ப்பள்ளிகளில் ஒன்று; பிள்ளைகள் நிரம்பி வழியும் பள்ளி. அதே காலத்தில் குளுவாங் வட்டாரத்தில் தோட்டத்துக்குள் இருக்கும் சில பள்ளிகள் பிள்ளை எண்ணிக்கையை விரலால் எண்ணும் நிலைக்கு வந்தன. ஒரு பக்கம் வகுப்பறை போதாது, மறு பக்கம் வகுப்பறை காலி. தோட்டத்துப் பள்ளியின் உரிமத்தைப் பட்டணத்துக்கு மாற்றிக் கட்டுவது என்பது மலேசியாவில் நடக்கிற காரியம்தான். ஆனால் நிலம் வேண்டும், அனுமதி வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பாசிர் கூடாங்கின் வரைபடத்தை வரைந்தவர்கள் துறைமுகத்துக்கும் மோட்டார் பந்தயத் திடலுக்கும் இடம் ஒதுக்கினார்கள். 1998இல் அந்தத் திடலில் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம்கூட நடந்தது. வேலைக்கு வரப்போகிற தமிழர்களின் பிள்ளைகள் எங்கே படிப்பார்கள் என்ற கேள்விக்கு அப்படித் தாராளமாக நிலம் ஒதுக்கப்படவில்லை. ரப்பர்க் கம்பெனிகள் தர்மவான்கள் அல்ல. தொழிலாளர் சட்டம் கட்டாயப்படுத்தியதால் பள்ளி வைத்தார்கள், அதுவும் பல இடங்களில் ஒற்றைக் கொட்டகை. இருந்தாலும் ஆள் வந்தால் பிள்ளை வரும், பிள்ளை வந்தால் பள்ளி வேண்டும் என்பது அந்தக் கணக்கிலாவது இருந்தது.

காற்றும் தண்ணீரும்

2019 மார்ச் 7ஆம் தேதி பாசிர் கூடாங்கின் கிம் கிம் ஆற்றில் ரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. தாமான் பாசிர் பூத்தே பள்ளிகளில் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். ஒரு வாரத்துக்குள் 111 பள்ளிகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் சிகிச்சைக்குப் போனார்கள். அதே ஆண்டு ஜூனில் மறுபடியும் காற்று கெட்டு மறுபடியும் பள்ளிகள் மூடப்பட்டன. தங்கை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காஹாங் வந்துவிட்டாள். சொந்த வீடு இருந்தும் அதில் மூச்சுவிட முடியவில்லை என்றால் அந்த வீட்டுக்கு என்ன அர்த்தம் என்று அப்போது நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டோம். மூன்று வாரத்தில் அவள் திரும்பிப் போனாள். கடன் இன்னும் ஆறு வருடம் இருந்தது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்குத் திருப்பூர் ஞாபகம் வரலாம். பின்னலாடை சம்பளம் தென்மாவட்டத்துக் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியது; சாயக்கழிவு நொய்யலைக் கொன்றது; 2011இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது பட்டறைத் தொழிலாளிகள் வேலையில்லாமல் நின்றார்கள். ஆறு கெட்டபோதும் இழந்தவர்கள் ஏழைகள், ஆற்றைக் காக்க உத்தரவு வந்தபோதும் இழந்தவர்கள் ஏழைகள்.

குளுவாங் சுத்தமான ஊர் என்றும் சொல்லிவிட முடியாது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை மூழ்கடித்த வெள்ளத்தில் குளுவாங்கும் தப்பவில்லை. அதே மாவட்டத்தின் சிம்பாங் ரெங்கமில் குப்பைக் கிடங்கிலிருந்து கசிந்த அம்மோனியா ஆற்றில் கலந்து, 2017 தொடங்கி 2019 வரை திரும்பத் திரும்பக் குடிநீர் நிறுத்தப்பட்டது. வித்தியாசம் என்னவென்றால், குளுவாங்கில் கேடு ஊர் கவனிக்காமல் விட்டதால் வருகிறது. பாசிர் கூடாங்கில் அது ஊர் எதற்காகக் கட்டப்பட்டதோ அந்தத் தொழிலோடு சேர்ந்தே வருகிறது. முதலாவதைத் திருத்துவது எளிது. இரண்டாவதைத் திருத்த வேண்டுமானால் ரசாயன ஆலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையில் எத்தனை தூரம் என்பதை வரைபடத்தில் மாற்ற வேண்டும்.

இப்போது

இரண்டு ஊருக்கும் அடுத்த அலை வந்துகொண்டிருக்கிறது. 2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குக் கையெழுத்திட்டன; பாசிர் கூடாங் அதில் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் மின்சார ரயில் குளுவாங் வரை வந்தது, டிசம்பரில் ஜொகூர் பாருவைத் தொட்டது. குளுவாங்கில் குடியிருந்துகொண்டு தெற்கே வேலை பார்க்கலாம் என்று இளைஞர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். வீட்டு விலை அதைக் கேட்டு முன்னாலேயே ஏறத் தொடங்கும்.

ஆகவே குளுவாங்கா, பாசிர் கூடாங்கா என்று அண்ணன் மகள் என்னைக் கேட்டபோது, இப்படித்தான் சொன்னேன். கையில் தொழில் இருந்து, உடம்பில் தெம்பு இருந்து, பத்து வருடத்தில் சொந்தமாக ஏதாவது சேர்க்க வேண்டும் என்றால் பாசிர் கூடாங். வயதான பெற்றோரும் பள்ளி வயதுப் பிள்ளையும் இருந்தால் குளுவாங். இது அட்டவணைப் பதில். ஆனால் குளுவாங்கில் இருக்கும் உறவும் பள்ளியும் கோயிலும் மண்ணிலிருந்து தானாக முளைத்தவை அல்ல. நூறு வருடமாக, மண் சொந்தமில்லாத ஜனங்கள், சம்பளத்தில் ஒரு வெள்ளி இரண்டு வெள்ளி பிடித்துக் கட்டியவை. பாசிர் கூடாங்கில் நம்மவர்களுக்கு வீடு முதலில் வந்துவிட்டது. ஊர் இன்னும் கட்டி முடியவில்லை. அங்கே போகிறவர்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு ஒரு ஷிப்டை விட்டுக்கொடுத்துப் போய் உட்கார்ந்தால் அது சீக்கிரம் முடியும்.

அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள்: "அப்ப காஹாங்ல யார் சித்தப்பா இருப்பா?" எங்கள் லயத்தில் இப்போது இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும் இருக்கிறார்கள். வீடு அவர்களுடையது இல்லை. வேலை முடிந்தால் போக வேண்டும். மாரியம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்து ஊருக்குப் போன் பேசுகிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எந்த ஊரை எந்த ஊரோடு ஒப்பிடப் போகிறார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. நம் கதையின் முதல் பாகம் அங்கே இன்னொரு மொழியில் நடந்துகொண்டிருக்கிறது.